மிதிவண்டிக்குப் புது வழிகள்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு தனிச் சிறப்புடையது. 1991-ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தும் எண்ணும் கற்பித்ததோடு நில்லாமல், பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் இதில் மிகுந்த அக்கறை காட்டினார். வயலில் நாற்று நடும் பெண்களும், கல் குவாரியில் வேலை செய்யும் பெண்களும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதை நாடெங்கும் படித்தார்கள். பிறகு 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், படிப்படியாக ஏனைய மாணவ மாணவியர்க்கும் விரிவாயிற்று. மிதிவண்டி இல்லாத தெருவை இன்று நம் கிராமங்களில் காண்பது அரிது.

எனினும் இந்த வண்டிகள் எங்கே போகின்றன என்று பார்த்தால், வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்கு. வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கு, திரும்ப வீட்டுக்கு. இவ்வளவே. மிதிவண்டியை நாம் வேலையாளாக மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் சென்று, பார்க்காத ஊர் இரண்டைப் பார்த்து, உடல் வியர்க்க, மனம் தெளியத் திரும்பி வரலாம் என்ற எண்ணம் பலருக்கும் தோன்றுவதில்லை. அத்தகைய பயணத்துக்கு ஏற்ற வழிகள் நம் ஊரைச் சுற்றியே கிடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையும், ஊராட்சிகள் அதில் செய்ய வேண்டியது என்ன என்பதையும் நம் அனுபவத்திலிருந்து கூற விரும்புகிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஓர் ஒன்றியத்தில் நாம் பணிபுரிந்தபோது, ஓர் ஊராட்சிக்கு ஆய்வுக்காகச் சென்றோம். ஒரு வீட்டுத் திண்ணையில் புது மிதிவண்டி ஒன்று தூணோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் வண்டி. நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவளை உரசிவிட்டுச் சென்றதாம். "கைமுட்டி தேஞ்சதோட போச்சுங்கய்யா. அடுத்த தடவை என்ன ஆகுமோ? பஸ்ஸுலேயே போகட்டும்" என்றார் தந்தையார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சாலைகள் அகலமாக அகலமாக வாகனங்களின் வேகமும் கூடுகிறது. ஓரத்தில் செல்லும் மிதிவண்டிக்கு இடம் குறைகிறது.

"நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழியே கிடையாதா?" என்று அங்கே நின்றிருந்த முதியவர் ஒருவரைக் கேட்டோம். "ஏன் இல்லாம? அந்தக் காலத்துல சந்தைக்கு வண்டி போனதெல்லாம் கம்மாக்கரை மேலதானே ஐயா. இப்ப யாரு அதுல போறா?" என்றார். நம் தேடுதல் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்கிற்று.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முன்பாகவே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கரைமேல் சென்றோம். ஜீப்பில் அந்த ஒன்றியத்தை இரண்டு ஆண்டுகள் சுற்றியிருந்தும், அன்று ஒன்றரை மணி நேரத்தில் கண்டது முன்பு கண்டிராததாய் இருந்தது. கரையின் ஒருபுறம் நீர். மறுபுறம் பசிய வயல். நடுவே பனைகளின் வரிசை. எதிரே வந்தவை இரண்டு ஆட்டு மந்தைகளும், தலையில் புல்லுக்கட்டோடு வந்த சில பெண்களும் மட்டுமே.

கண்மாய்க்கரை மிதிவண்டிக்கு ஏன் இவ்வளவு பொருத்தமாயிருக்கிறது என்பதை விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் கண்கொண்டு அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மேட்டிலிருந்து இறங்கி வரும் மழைநீரைக் குறுக்கே கரையிட்டுத் தேக்கியதே கண்மாய். கரையின் தலைமட்டம் எங்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தால் வெள்ளம் அங்கே வழிந்து கரையை உடைத்துவிடும். ஆதலின் கரைமேல் செல்பவனுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு கண்மாய் நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே இறங்கி, வாரியில் ஓடி, கீழுள்ள கண்மாயைச் சேருகிறது; அது நிரம்பினால் அதற்கடுத்ததை. இவ்வாறு கண்மாய்கள் சங்கிலி போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் உண்டு. நீர் எப்போதும் மெல்லிய சரிவைத் தேடிச் செல்வது. அதன் பக்கத்திலேயே நம் முன்னோர் வண்டிப்பாதை விட்டார்கள், ஏனெனில் பாரம் இழுக்கும் மாட்டுக்கும் அதே மெல்லிய சரிவுதான் வேண்டும். மிதிப்பவனின் கால்களுக்கும் அதுவே வேண்டும். நீர் போன வழியே சைக்கிள் வழி என்பதை நாம் கண்டுகொண்டது இப்படித்தான்.

மேலும், கண்மாய் இருக்குமிடத்தில் ஊர் இருக்கும். ஊர் இருக்குமிடத்தில் ஊருணியும் கோயிலும் ஆலமரமும் தேநீர்க் கடையும் இருக்கும். சங்கிலி அறுந்தால் குரல் கொடுக்கும் தூரத்தில் ஆள் இருப்பார். நெடுஞ்சாலையில் ஆயிரம் வாகனங்கள் போனாலும் நின்று உதவுவோர் குறைவு.

இனி, வழியைக் கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். இந்திய நில அளவைத் துறையின் நிலப்படம் முதலில் கையில் இருக்க வேண்டும். இரண்டு செண்டிமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சமமான அளவில் அச்சிட்ட இப்படங்களை 2017-ஆம் ஆண்டிலிருந்து அத்துறையின் இணையத்தளத்திலேயே கட்டணமின்றிப் பெற வழி செய்தார்கள். தார்ச்சாலை ஒருவகைக் கோடு, வண்டிப்பாதை விட்டு விட்டு இழுத்த கோடு, கண்மாய் நீலம், நிலத்தின் உயரத்தைக் காட்டுபவை பழுப்பு நிற மட்டக்கோடுகள். பழுப்புக் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே மேடு செங்குத்து, விலகியிருந்தால் சமவெளி. நீல வட்டங்களைப் பென்சிலால் ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். இதுவரை பேருந்துச் சாலையால் மட்டுமே அறிந்த உங்கள் ஒன்றியம் வேறொரு நாடாகத் தோன்றும்.

கைப்பேசியில் வழி பார்க்கலாமே என்பார்கள் இளைஞர்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் கரையும் பனைவரிசையும் தெளிவாகத் தெரிகின்றன என்பது உண்மையே; நாமும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் வழி கேட்டால் அது பெரும்பாலும் விரைவில் போய்ச்சேரும் சாலையைக் காட்டி, நம்மை மறுபடி லாரிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தும். நாம் தேடுவது விரைவான வழியன்று, இனிய வழி. கலிங்கு இடிந்திருப்பதையும், பாதையின் நடுவே வேலி போட்டிருப்பதையும் வானத்திலிருந்து பார்த்து அறிய முடியாது.

அதனை அறிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர், மீன் விற்பவர், கிளை அஞ்சலகத்தின் தபால்காரர் ஆகியோருக்குத் தெரியாத பாதை இல்லை. கேட்கும் விதந்தான் முக்கியம். "அந்த ஊருக்கு எப்படிப் போவது?" என்றால் பேருந்து போகும் வழியைத்தான் சொல்வார்கள், மரியாதை கருதி அதிகாரிக்கு நல்ல சாலையைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பார்கள். "அந்த ஊர்க் கிடைக்கு ஆடு எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். "பஸ் வராத காலத்தில் நெல் மூட்டை எப்படிப் போயிற்று?" என்று கேளுங்கள். உடனே நான்கு பேர் நான்கு வழி சொல்வார்கள், ஒருவரையொருவர் திருத்துவார்கள். தூரத்தை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். "இந்தா, பக்கந்தான்" என்று சொன்ன இடம் ஐந்து கிலோமீட்டராய் நீண்டது உண்டு.

பிறகு ஒருமுறை மெதுவாகச் சென்று பார்க்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. செம்மண்ணும் செம்பூராங்கல்லும் கலந்த பாதையில் மழை நின்ற சிறிது நேரத்தில் நீர் வடிந்துவிடும். கரிசலும் களியும் அப்படியல்ல; மட்காப்புக்கும் டயருக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தையே பிடித்துவிடும், வண்டி நம்மைச் சுமப்பது போய் நாம் வண்டியைச் சுமக்க நேரிடும்.

வழியை வகுக்கும்போது போன பாதையிலேயே திரும்பாமல், வட்டமாகச் சுற்றி வரும்படி அமைத்தல் நலம். இரண்டு சிறு வட்டங்கள் நம் ஊரில் வந்து தொட்டுக்கொள்ளுமாறு அமைத்தால் இன்னும் நன்று. முதல் வட்டம் முடிந்து களைத்தவர் வீட்டோடு நின்றுவிடலாம். சாதாரண வண்டியில் கிராமப் பாதையில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இராது. முதல் வாரம் பதினைந்து, அடுத்தது இருபது, பிறகு முப்பது என்று கூட்டிக்கொண்டே போகலாம். காற்றின் திசையையும் மறக்கக் கூடாது. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாயிருக்கும். அக்காலத்தில் விடியலில் காற்றுத் தணிந்திருக்கும்போதே மேற்கு நோக்கிப் புறப்பட்டு, களைத்துத் திரும்புகையில் அதைப் பின்காற்றாக ஆக்கிக்கொள்ள வேண்டும். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று. அப்போது வடகிழக்கை முதலில் முடித்துவிட வேண்டும். ஆற்றில் எதிர்நீச்சலை முதலில் அடித்துவிடுவதைப் போன்றதே இது.

நாம் பலமுறை சென்ற வட்டம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே அன்னவாசல் செல்லும் வழியில், சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கிருந்து அன்னவாசல், பிறகு தென்மேற்கே குடுமியான்மலை, அங்கிருந்து கிழக்கே புதுக்கோட்டை. சாலை வழியே மொத்தம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இடையிடையே சாலையை விட்டு விலகிக் கரைகளில் இறங்கிச் சென்றால் சில கிலோமீட்டர் கூடும், கூடட்டும். சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டத்தின் சமணப் படுக்கைகளும், தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. கீழே குடைவரையான அறிவர் கோயிலில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓவியம் விதானத்தில் இருக்கிறது. அது என்ன ஓவியம்? ஒரு தாமரைக் குளம். அதில் மீன்கள், பறவைகள், எருமைகள், யானைகள், பூப் பறிக்கும் மனிதர்கள். கண்மாய்க் கரையிலிருந்து நேரே அங்கு ஏறிச் சென்று அண்ணாந்து பார்ப்பவர், கீழே பார்த்துவிட்டு வந்ததையே மேலேயும் காண்கிறார். காரில் வந்து இறங்குபவருக்கு அந்த இன்பம் கிட்டுமா என்பது ஐயமே.

குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. விவசாயிகளுக்கு அங்கே வேறு ஈர்ப்பும் உண்டு: அண்ணா பண்ணையும், 2014-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் அவ்வூரில்தான் உள்ளன. விதையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாம் என்று எண்ணுபவர் ஞாயிற்றுக்கிழமையை விட்டு வேலைநாளில் போக வேண்டும்.

ஏனைய மாவட்டத்தாருக்கும் இத்தகைய வழிகள் உண்டு. தஞ்சைப் பகுதியில் மேட்டூர் அணையோடு 1934-இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய். ஈரோட்டுப் பக்கம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளும் கீழ்பவானி வாய்க்கால். நெல்லையில் தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்கள். இவற்றின் கரைகளும் மட்டமானவையே. எனினும் ஓடும் வாய்க்கால் வேறு, தேங்கிய கண்மாய் வேறு. நீர் திறந்திருக்கும் நாளில் சிறுவர்களைத் தனியே அனுப்பக் கூடாது. கலிங்கில் நீர் வழியும்போது கணுக்கால் அளவுதானே என்று வண்டியை இறக்கவும் கூடாது. பாசி வழுக்கினால் நிலைகொள்ள முடியாது.

இதுவரை கூறியது பயணம் செய்பவர்க்கு. இனி ஊராட்சி உறுப்பினர்களுக்கு.

கண்மாய்க்கரைப் பயணத்தின் முதல் எதிரி லாரியன்று, முள். சீமைக் கருவேல மரத்தை ஊராட்சிகள் ஏலம் விடுகின்றன, வருமானமும் கிடைக்கிறது. ஏலம் எடுத்தவர் தடித்த மரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். முள்மிலாறுகள் கரைமேலேயே கிடக்கின்றன. காய்ந்த கருவேல முள் டயரையும் டியூபையும் ஒருங்கே துளைக்க வல்லது. ஒரே காலையில் நம் வண்டி மூன்றுமுறை பஞ்சர் ஆயிற்று; நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தோம். அன்று நம் மனத்தில் எழுந்த சொற்களை இப்பத்திரிகையில் எழுத இயலாது. ஆனால் மறுவாரமே ஒன்றியக் கூட்டத்தில் ஒரு யோசனை கூறினோம்: கரையை முள்ளின்றிப் பெருக்கிக் கொடுத்த பிறகே ஏலதாரரின் முன்வைப்புத் தொகையைத் திருப்பித் தருவது என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். செலவில்லாத வரி. அதைச் சேர்த்துக்கொண்ட ஊராட்சிகளில் ஆடுமாடு மேய்ப்பவர்களே முதலில் நன்றி கூறினார்கள். அவர்கள் பலர் செருப்பின்றி நடப்பவர்கள். (பயணிகளுக்கு ஒரு குறிப்பு: டயரில் முள் ஏறியது தெரிந்தால் அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். பல சமயம் அந்த முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். பஞ்சர் ஒட்டுமிடம் வரை மெல்லப் போய்ச் சேரலாம்.)

அடுத்தது, பாதையே காணாமற்போவது. வண்டிப்பாதை பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராம வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் அது பதிவாகியிருக்கும். புல வரைபடத்தில் அதன் அகலத்தையும் காணலாம். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஊர்ச் சாலைகளை ஊராட்சியின் பொறுப்பில் வைத்துள்ளது. ஆயினும் மாட்டு வண்டி நின்ற பிறகு பாதையில் போவோர் குறைந்தனர். போவோர் குறையவே, இருபுறத்து வரப்புகளும் ஆண்டுக்கு ஒரு சாண் நகர்ந்தன. எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. கலப்பை திரும்ப இடம் வேண்டியிருந்தது, திரும்பியது. இருபது ஆண்டில் வண்டித்தடம் வரப்பாகிவிட்டது. பயன்படுத்தாத பாதை இப்படித்தான் அழிகிறது. ஞாயிறுதோறும் பத்து மிதிவண்டிகள் போய்வரும் பாதையை உழ எவரும் துணிய மாட்டார். ஆகவே கிராம சபை கூடும் நாட்களில், குடிநீர், தெருவிளக்கோடு இந்தப் பாதைகளின் பட்டியலையும் படிக்கச் செய்தல் வேண்டும். எது எங்கே அறுந்திருக்கிறது என்பதை ஊரார் அறிவர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாதை வசதிக்காகக் கண்மாய்க் கரையைத் தோண்டித் தாழ்த்துவதோ, கரையிலிருந்தே மண் வெட்டிச் சாய்வு போடுவதோ கூடவே கூடாது. கரை முதலில் நீரைத் தாங்குவதற்கே, பிறகுதான் வண்டிக்கு. சாய்தளம் வேண்டுமானால் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி இறுக்க வேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையினுடையவை. பின்னவற்றில் கை வைக்குமுன் அத்துறையின் பொறியாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிமெண்டுச் சாலை போடுங்கள் என்று சில தலைவர்கள் ஆர்வத்தோடு கேட்பதுண்டு. நாம் உடன்படுவதில்லை. கெட்டியான செம்மண் பாதையே மிதிவண்டிக்குப் போதும். சிமெண்டு போட்டால் ஆறு மாதத்தில் மணல் லாரி அங்கும் வந்துவிடும்.

முன்பு கூறிய அந்த ஊராட்சியில், முதியவர் சொன்ன சந்தைப் பாதையை முழுவதும் அளந்து பார்த்தோம். ஊரிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஆறரை கிலோமீட்டர். நெடுஞ்சாலையைவிட ஒன்றேகால் கிலோமீட்டர் அதிகம். அதில் ஏறத்தாழ 300 மீட்டர் மட்டும் வயலுக்குள் மறைந்திருந்தது. குறுவட்ட அளவர் வந்து கல் நட்டார். நிலத்துக்காரர் இருவரில் ஒருவர் அன்றே வேலியைப் பிரித்தார். மற்றவர் கடலை எடுக்கும் வரை தவணை கேட்டார், கொடுத்தோம், சொன்ன வாரத்தில் அவரும் பிரித்தார். நடுவே வாரியைக் கடக்க ஒரு குழாய்ப் பாலம் தேவை. அதற்கான மதிப்பீடு தயாரித்து அனுப்பியிருந்த நிலையில் நமக்கு இடமாற்றல் வந்துவிட்டது. விடைபெற்றுக்கொள்ளச் சென்ற காலையில், ஆறு பெண்கள் அந்த வாரியின் கரையில் இறங்கி, இருவருக்கு ஒரு வண்டியாகத் தூக்கி அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். திண்ணைத் தூணில் பூட்டியிருந்த வண்டியும் அவற்றுள் இருந்தது. பாலம் இன்னும் கட்டப்படவில்லை என்று கேள்விப்படுகிறோம். நமக்குப் பின் அங்கே பொறுப்பேற்ற நண்பருக்கு மதிப்பீட்டின் கோப்பு எண்ணைத் தனியே எழுதி அனுப்பியிருக்கிறோம்.